மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு ஏற்ற பேஸ் ஆம்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

இசைக்கருவிக் கடையில் பேஸ் கிட்டார் ஆம்பைச் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) சோதித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் அதைச் செய்கிறார்கள். பேஸ் குமிழை முழுவதும் ஏற்றி, டிரெபிளையும் கூட்டி, மிடில் என்று எழுதியிருக்கும் குமிழை மட்டும் குறைத்துவிட்டு, விரல் வைக்காத திறந்த ஈ தந்தியைப் பலமாக மீட்டுகிறார்கள். தரை அதிர்கிறது, கண்ணாடி அலமாரி நடுங்குகிறது, மனம் நிறைந்துவிடுகிறது. அதே ஆம்பை அதே அமைப்பில் டிரம்ஸ், தபேலா, இரண்டு கீபோர்டு, லீட் கிட்டார் ஆகியவற்றோடு மேடையில் வைத்து வாசித்தால், எதிரே அமர்ந்திருப்பவருக்கு ஏதோ ஓர் அதிர்வு எட்டுமே தவிர, எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பது தெரியாது. மெல்லிசைக் குழுக்களில் நான் வாசிக்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் இந்தத் தவறிலேயே கழிந்தன. தனியாக வாசிக்கையில் மயக்கும் ஒலியைத் தேடாமல், குழுவுக்குள் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும் ஒலியைத் தேட வேண்டும் என்பதைப் புதிதாக ஆம்ப் வாங்குபவர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரில் தடித்த ஈ தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98. தந்தி அதிரும்போது இந்த அடிச்சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய கேபினெட்டுகளில் (ஸ்பீக்கர் பெட்டிகளில்) பெரும்பாலானவை 50, 60 ஹெர்ட்ஸுக்குக் (விநாடிக்கு 50, 60 அதிர்வுகளுக்கு) கீழே வேகமாக வலுவிழப்பவை என்பதால், திறந்த ஈ தந்தியில் நாம் பெரிதும் கேட்பது 82, 123 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள மேற்சுரங்களைத்தான். அவற்றை வைத்து அடிச்சுரத்தைக் காது தானாகவே உணர்ந்துகொள்கிறது. ஆகவே ஓர் ஆம்ப் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று கேட்பதைவிட, 80 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையான பகுதி அதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. இளையராஜாவின் 1980களின் பாடல்களை வாசிக்கும் குழுக்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பாடல்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை; பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனி வழியில் ஓடுகிறது. அந்த ஓட்டம் காதில் விழவில்லை என்றால் பாடலின் பாதியை இழந்துவிட்டோம் என்றே நான் கருதுகிறேன்.

எங்கே வாசிக்கிறோம், எத்தனை வாட் வேண்டும்

எந்த ஆம்ப் நல்லது என்று கேட்பதற்கு முன், ஆண்டில் எத்தனை கச்சேரிகளில் பேஸ் ஒலி மைக் செட் வழியாக அரங்குக்குப் போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் திருவிழா மேடைகளிலும் பெரிய திருமண மண்டபங்களிலும் ஒலி அமைப்பாளர் பேஸ் கிட்டாரை மிக்ஸரில் இணைத்துக்கொள்வார். அங்கே நம் ஆம்பின் வேலை நமக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கேட்பது மட்டுமே. சிறிய வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் பயிற்சி அறைகளிலும் பாடகர்களின் மைக் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். அங்கே அரங்கு முழுவதையும் நம் ஆம்ப்தான் நிரப்ப வேண்டும். இந்த இரண்டாவது வகை நிகழ்ச்சிகள் அதிகமாக இருந்தால்தான் பெரிய வாட் எண்ணுக்குப் பணம் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது.

தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது குறைவாகவே உணர்வதால், லீட் கிட்டார் வாசிப்பவர் 30 வாட் ஆம்பில் அரங்கை நிரப்பும்போது பேஸ் வாசிப்பவருக்கு அதைப் போலப் பல மடங்கு வாட் தேவைப்படுகிறது. ஆனால் வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு உரத்த ஒலியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே 400 வாட் ஆம்புக்கும் 500 வாட் ஆம்புக்கும் இடையே உள்ள வேறுபாடு காதுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. 97 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதன் அளவு) உள்ள கேபினெட்டை விட்டு 100 டெசிபெல் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், வாட்டை இருமடங்காக்கியதற்குச் சமமான பயன் கிடைக்கும் என்பதைக் கடைக்காரர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். குச்சியால் அடிக்கும் டிரம்ஸோடு பயிற்சி செய்ய 100 வாட் சற்று இறுக்கமாக இருக்கும், 200 வாட் இருந்தால் நிம்மதி. மைக் செட் உதவி இல்லாமல் மண்டபத்தில் வாசிக்க 300 முதல் 500 வாட் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவக் கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் அளவு) கணக்கா, பீக் (ஒரு கணம் எட்டும் உச்சம்) கணக்கா, அது எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) கிடைக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிக்காட்டும் உச்ச எண்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை முழுவதுமாகப் புறக்கணித்துவிடலாம்.

ஹெட், கேபினெட், ஓம்

1969இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. ஆம்ப் 14 வால்வுகளோடு 300 வாட் தந்தது. ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதியான ஹெட்டின் எடை மட்டும் 35 கிலோவுக்கு மேல், அதற்கு இணையான எட்டு ஸ்பீக்கர் கேபினெட் 60 கிலோவைத் தாண்டும். அந்த ஒலியின் அழகு மறுக்க முடியாதது என்றாலும், வேனின் மேல்தட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அது பொருந்தாது. கிளாஸ் டி என்னும் இலகுவான சுற்றமைப்பில் வரும் இன்றைய ஹெட்டுகள் இரண்டு, மூன்று கிலோ எடையில் 500 வாட் தருகின்றன. நியோடிமியம் காந்தம் உள்ள ஸ்பீக்கர்கள் கேபினெட்டின் எடையையும் கணிசமாகக் குறைத்துவிடுகின்றன. ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ, வீட்டிலும் பயிற்சி அறையிலும் வசதியானது. ஆனால் ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்தே பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். தொடர்ந்து மேடை ஏறுபவருக்கு இலகுவான ஹெட் ஒன்றையும், இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களோ ஒரு 12 அங்குல ஸ்பீக்கரோ உள்ள 8 ஓம் கேபினெட் ஒன்றையும் முதலில் வாங்கி, பணம் சேர்ந்தபின் அதே மாதிரியில் இரண்டாவது கேபினெட்டைச் சேர்த்துக்கொள்ளும்படியே நான் சொல்வேன்.

அதே மாதிரி என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 10 அங்குலம் தெளிவுக்கு, 15 அங்குலம் ஆழத்துக்கு என்று சொல்லி நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியோடு ஒற்றை 15 அங்குலப் பெட்டியைச் சேர்க்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. இரண்டும் 8 ஓம் என்றால் ஆம்ப் இரண்டுக்கும் சரிபாதியாகவே வாட்டைப் பிரித்துக் கொடுக்கும். மேலே நான்கு ஸ்பீக்கர்கள் பங்கிட்டுக்கொள்ளும் அளவைக் கீழே ஒரே ஸ்பீக்கர் தாங்க வேண்டியிருக்கும், அது முன்னதாகவே திணறத் தொடங்கும். மேலும், வெவ்வேறு வடிவமைப்புள்ள பெட்டிகளின் ஒலி அலைகள் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், சில சுரங்கள் மங்கியும் சில சுரங்கள் எகிறியும் கேட்கும். ஆழம் ஸ்பீக்கரின் அங்குலத்தால் மட்டும் வருவதில்லை. பெட்டியின் கொள்ளளவும் அதிலுள்ள காற்றுத் துளையின் அமைப்பும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

ஓம் கணக்கை எழுதி ஹெட்டின் முதுகில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் வழிகளும் பொதுவாகப் பக்க இணைப்பில் (பேரலல்) இருக்கும் என்பதால், 8 ஓம் கேபினெட் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம், 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் ஏறத்தாழ 2.7 ஓம். கையேட்டில் குறைந்தபட்சம் 4 ஓம் என்றிருக்கும் ஹெட்டில் அதற்குக் கீழே இறங்கினால் அது சூடேறி நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட், ஒரே ஒரு 8 ஓம் கேபினெட்டில் அதன் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் தரும். இரண்டாவது கேபினெட்டைச் சேர்க்கும் நாளில் வாட்டும் கூடும், ஸ்பீக்கர் பரப்பும் இருமடங்காகும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர் இதற்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கவே கூடாது, இயக்கினால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடும்.

ஹெட்டையும் கேபினெட்டையும் இணைப்பதற்குக் கிட்டார் கேபிளைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரியான ஜாக்கோடு இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. கிட்டார் கேபிளின் உள்ளே இருப்பது நூல் போன்ற ஒரு கம்பியும் அதைச் சுற்றிய வலையும்தான். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தை அது தாங்காது. ஒரு திருவிழாவில் அவசரத்துக்கு அப்படி இணைத்துவிட்டு, இடைவேளையில் ஜாக்கைத் தொட்டபோது அதன் ரப்பர் இளகிக் கையில் ஒட்டியது இன்னும் நினைவிலிருக்கிறது. ஸ்பீக்கர் கேபிளில் ஒரே தடிமனுள்ள இரண்டு செம்புக் கம்பிகள் இருக்கும். திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பு இரு பக்கமும் இருந்தால், இரண்டு கேபிள்களும் மாறிப்போக வழியே இல்லை.

கடையிலும் மேடையிலும் செய்ய வேண்டியவை

கடைக்குச் சொந்த பேஸ் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, பயிற்சி அறையில் வாசிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிய பின், ஈ தந்தியில் திறந்த நிலையிலிருந்து பன்னிரண்டாம் கட்டம் வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே விசையில் மெதுவாக வாசியுங்கள். எந்தச் சுரமாவது மற்றவற்றை விட எகிறுகிறதா, எதுவாவது விழுங்கப்படுகிறதா என்று கேளுங்கள். பிறகு நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். கைபேசியில் ஒரு தபேலா தாளத்தையோ உங்கள் குழு வாசிக்கும் பாடலின் கரோக்கியையோ ஒலிக்கவிட்டு அதற்குள் பேஸ் எப்படி நிற்கிறது என்பதையும் பாருங்கள். பயன்படுத்திய ஆம்ப் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வலையைக் கழற்றி, ஸ்பீக்கர் கூம்பை விரல்நுனிகளால் சுற்றிலும் சமமாக மிக மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டிருக்கிறது என்று பொருள். குமிழ்களைத் திருகும்போது கரகரவென்ற ஒலி வருவது தூசியால் நேர்வது, சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கேபினெட்டிலிருந்து கருகிய வாடை வந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

மேடையில் ஆம்பை வைக்கும் இடம் பாதி வேலையைச் செய்துவிடும். தரையிலும் சுவர் மூலையிலும் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் இயல்பை விடப் பெருகும். சவுக்குக் கம்புகளின் மேல் பலகை பரப்பிய திருவிழா மேடைகளில், மேடையே ஒரு பெரிய பெட்டியாகி, ஏதோ ஓரிரு சுரங்களில் மட்டும் குமுறும். அதைப் பேஸ் குமிழால் சரிசெய்ய முயன்றால் மற்றச் சுரங்களும் மெலிந்துவிடும். கேபினெட்டின் கீழே தடித்த ஸ்பாஞ்சு வைத்தாலோ, உறுதியான நாற்காலியின் மேல் ஏற்றினாலோ அந்தக் குமுறல் பெருமளவு அடங்கும். நடுப்பகுதியும் டிரெபிளும் நேர்கோட்டில் போகும் இயல்புடையவை; ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருந்தால் அருகில் நிற்கும் நமக்கு அவை எட்டுவதில்லை, நமக்குத் தெளிவு போதவில்லை என்று நாம் கூட்டிக்கொண்டே போக, எதிரே இருப்பவர்களுக்குக் காது கூசுகிறது. ஸ்பீக்கரைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தோ, இரண்டு கேபினெட் இருந்தால் பக்கத்தில் பக்கமாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி அடுக்கியோ இந்தக் குறையைத் தீர்க்கலாம்.

குமிழ்களைப் பொறுத்தவரை, கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள். பேஸ் குமிழை 10 டெசிபெல் கூட்டினால், அந்தப் பகுதியில் ஆம்ப் பத்து மடங்கு வாட்டைச் செலவழிக்க வேண்டும். பெரிய ஆம்பும் திணறி உடைந்த ஒலி தருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டிரம்ஸின் கிக் ஒலி 60, 80 ஹெர்ட்ஸ் அளவில் அமர்ந்திருக்கும். அந்த இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்து, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை சற்றே கூட்டினால் சுரங்கள் முன்னே வந்து நிற்கும். தனியாகக் கேட்கும்போது அந்த ஒலி மூக்கால் பேசுவது போலத் தோன்றும். குழு வாசிக்கத் தொடங்கியதும் அதுவே தெளிவாக மாறுவதை நீங்களே கேட்பீர்கள். ஆம்பிலோ காலால் இயக்கும் பெடலிலோ ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் வெட்டும்) வசதி இருந்தால் 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் வீணாக முன்னும் பின்னும் அலைவது நின்று, அதே வாட்டில் ஒலி கூடக் கிடைக்கும்.

பாடகர் குரலுக்காகச் சுருதியை அரைக்கட்டை குறைக்கச் சொல்வது நம் மேடைகளில் அன்றாடம் நடப்பது. நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்த சுரமான ஈ, மூன்று கட்டை. பாடல் இரண்டரைக் கட்டைக்கு இறங்கிவிட்டால் ஆதார சட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியிருக்கும். ஐந்து தந்தி பேஸ் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அதன் பி தந்தி 31 ஹெர்ட்ஸில் அதிர்வதால், சிறிய காம்போவில் அது வெறும் படபடப்பாகவே கேட்கும். ஐந்து தந்திக்கு மாறும் எண்ணம் இருந்தால், கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பி தந்தியில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மைக் செட்டோடு இணைப்பதும் மின்சாரமும்

ஹெட்டின் பின்னால் டி.ஐ. வழி (பேஸ் ஒலியை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்பும் இணைப்பு) இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். மிக்ஸருக்குப் போகும் நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாமல் காப்பது அதுதான். அதன் அருகே ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பொத்தான் இருந்தால், ப்ரீ நிலையில், அதாவது குமிழ்களுக்கு முந்தைய ஒலி போகும் நிலையில், வைத்துவிடுங்கள். மேடையில் நம் காதுக்காக நாம் குமிழ்களைத் திருகும்போது அரங்கில் ஒலி மாறாமல் இருக்கும், ஒலி அமைப்பாளருக்கும் நம்மீது நம்பிக்கை வரும். தொடர்ந்து ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் டி.ஐ. கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கீபோர்டும் பேஸ் ஆம்பும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தாலும் இந்த இரைச்சல் குறையும். ஆம்பில் டி.ஐ. வழி இல்லை என்றால், வேறு எந்தப் பெடலையும் வாங்கும் முன் ஒரு டி.ஐ. பாக்ஸை வாங்கிவிடுங்கள். பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ் கிட்டாருக்கு ஆக்டிவ் டி.ஐ. பொருந்தும், அதற்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் தேவைப்படலாம். ஸ்பீக்கர் வழியை எக்காரணம் கொண்டும் மிக்ஸரில் இணைக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கோரஸ் பாடுவதற்காக மைக்கில் உதடு வைத்தபோது சுளீரென்று ஷாக் அடித்த அனுபவம் எனக்கு உண்டு. கை கிட்டார் தந்தியில் இருந்தது, ஆம்புக்கும் மைக் செட்டுக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள், ஒன்றில் எர்த் இல்லை. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் இது அரிதான நிகழ்ச்சி அல்ல. இரைச்சலைக் குறைக்க ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது, இரைச்சலுக்கு டி.ஐ.யின் கிரவுண்ட் லிஃப்ட்தான் தீர்வு. கிட்டாரைக் கழுத்தில் மாட்டும் முன், மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் வைத்து ஏ.சி. வோல்ட் பாருங்கள்; சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின் பணியாளர் சரிசெய்யும் வரை வாசிக்கத் தொடங்க வேண்டாம். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றைக் குழுவின் பொதுச் செலவில் வாங்கி வைத்துக்கொள்வது எந்த பெடலை விடவும் அவசியமானது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வழியாக ஆம்ப் வரவழைப்பவர்கள் அதன் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தபின் பணம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதை இங்கே 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அந்த நொடியே பழுதாகிவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

மற்றப் பொருள்கள்

டியூனர் பெடல் கட்டாயம். பாடலுக்கு இடையே ஒலியை நிறுத்தவும் அது உதவும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸரை விரல் விசை சீராகும் வரை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தந்திகளில் 45 முதல் 105 வரையான கனம் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பெரும்பாலோருக்கு ஒத்துவரும்; பழைய பாடல்களை அதிகம் வாசிப்பவர் மேற்சுற்று தட்டையான ஃபிளாட்வவுண்ட் தந்திகளை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், அதன் மழுங்கிய முழக்கம் அந்தப் பாடல்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர், வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவிவிட வேண்டும். ஜாக் செருகியிருக்கும் வரை உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். உதிரிப் பேட்டரி ஒன்றும், உதிரிக் கேபிள் ஒன்றும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

எல்லாக் கச்சேரிகளிலும் மானிட்டரோ இயர்போனோ கிடைக்கும் குழுவில் இருப்பவர், ஆம்பே இல்லாமல் டி.ஐ. உள்ள ஒரு நல்ல ப்ரீஆம்ப் பெடலோடு காலத்தை ஓட்டலாம். கேபினெட்டுக்கான பணத்தை கிட்டாரின் செட்டப்புக்கும் தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புக்கும் செலவழிப்பது அவருக்குக் கூடுதல் பயன் தரும். மற்றவர்கள் முதலில் ஹெட், ஒரு 8 ஓம் கேபினெட், முறையான ஸ்பீக்கர் கேபிள் ஆகிய மூன்றோடு தொடங்கலாம். புதிய ஆம்ப் நாலைந்து கச்சேரிகளையும் ஓர் இரவு முழுவதும் ஜெனரேட்டர் மின்சாரத்தையும் தாங்கிய பிறகே பழைய ஆம்பை விற்க விலை பேசுங்கள். அதுவரை அது வேனின் மூலையில் இருக்கட்டும்.